ஒரே கல்லுக்கு ஐந்து மெஷின்

ஓடிப்போய்விட்டாளாம். யாரோடு? டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மெஷின் விற்க வருவானே, அவனோடாம். எதிர்வீட்டுத் தையல்காரி பால் வாங்கும் வரிசையில் நின்று என் மருமகளைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஆஸ்பத்திரி கேட்டுல இருந்து தலையெல்லாம் கலைஞ்சு வந்தா. துணியெல்லாம் ஈரம். விறுவிறுன்னு ஆட்டோவில ஏறிப் போயிட்டா. அதுக்கப்புறம் ஆளையே காணோம். நீங்களே யோசிச்சுக்குங்க."

"அந்த ஆட்டோவில பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. "அதைக் கவனிக்கலையே பெரியம்மா."

"நான்தான் உட்கார்ந்திருந்தேன். மாமியாரையும் ஏத்திக்கிட்டு ஓடிப்போற பொம்பளையை நீ எந்த ஊர்ல பார்த்தே?"

வரிசையே சிரித்தது. கொஞ்ச நேரம் முன்னால் அவள் சொன்னதற்கு 'ம்' கொட்டியதும் இதே வரிசைதான். எந்தப் பக்கம் சுவாரசியமோ அந்தப் பக்கம் சாய்கிற வாய்கள்.

தையல்காரி விடுகிற ஆள் இல்லை. "சரி, ஓடலை. அப்ப எதுக்கு அவ அடிக்கடி ஸ்கேன் ரூம்ல இருந்து வயித்தைத் துடைச்சுக்கிட்டு வருவா? எங்க அக்கா மக பிரசவத்துக்குப் போயிருந்தப்ப பார்த்திருக்கா. தங்கித் தங்கிக் கலைஞ்சிருக்குன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"சொல்றாங்க."

"அவ வயித்துல இருந்தது பிள்ளை இல்லை. கல்லு."

"கல்லுக்கு எதுக்குப் பெரியம்மா அத்தனை ஸ்கேன்? ஒரு தரம் பார்த்தா கல்லுன்னு தெரியாதா?"

இது நியாயமான கேள்வி. அந்தப் பொம்பளை வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் வந்த ஒரே நியாயமான கேள்வி. பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து சொல்கிறேன். நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். எழுதுகிறவள் நான் சொல்கிறபடியே எழுதட்டும், அழகுபடுத்த வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மருமகள் இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். வேறொரு ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் தையல் காயும்வரை மாடிப்படி ஏறக்கூடாது என்று சொன்னார்கள்; எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. ஓடிப்போன ரகசியம் அவ்வளவுதான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெருவுக்குத் தெரியாது. வேகமாக நடப்பாள், தலை குனிந்து நடப்பாள், அதனால் திமிர் என்றார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள், வேறொன்றும் இல்லை. அழுக்கைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டு ஸ்விட்சைச் சுற்றிச் சுவரில் படிந்திருந்த கைக்கறையைக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தாள். அது என் கைக்கறை. எனக்கும் அவளுக்கும் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. துணியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றுக்கும் சண்டை. ஆனால் எனக்குக் கால் வீங்கினால் கேட்காமலேயே வெந்நீர் வரும். வாயால் ஒட்டமாட்டாள், கையால் ஒட்டுவாள். அவள் ஜாதகம் அப்படி.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. முதலில் பொது வார்டில் இருந்தாள், பிறகு ஸ்கேன் அறைக்கு மாற்றினார்கள். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் கம்மி, குளிர் ஜாஸ்தி. ஒரு ஒடுக்கமான கட்டில், மேலே கறுப்பு ரெக்ஸின், அதன் மேல் காகிதம். வயிற்றில் ஒரு பசையைப் பிதுக்குவார்கள். பாட்டிலிலிருந்து அது வரும் சத்தமே அசிங்கமாக இருக்கும். அதன் மேல் ஒரு கட்டையை வைத்துத் தேய்த்தால் உள்ளே இருப்பது திரையில் தெரியும். மத்தியானத்துக்குள் குப்பைக்கூடை துடைத்த காகிதத்தால் நிரம்பி வழியும். ஈரம், ரப்பர் வாடை. பசை காய்ந்தால் கட்டில் காலில் செதில் செதிலாக ஒட்டிக்கொள்ளுமாம். அதை நகத்தால் சுரண்டி எடுப்பாள் என் மருமகள். வீட்டுக்கு வந்து கையை எத்தனை தடவை கழுவினாலும் அவளுக்குத் திருப்தி வராது.

ஒருநாள் புது மெஷின் வந்தது. அதோடு டை கட்டினவனும் வந்தான். வியர்க்கவே வியர்க்காத ஒரு முகம் அவனுக்கு. மெஷினை ஆன் செய்து பெரிய டாக்டர், சின்ன டாக்டர்கள் எல்லாரையும் சுற்றி நிறுத்திவிட்டான். காட்டுவதற்கு ஒரு வயிறு வேண்டும். அதுவும் வெறும் வயிறு. சாப்பிட்டிருந்தால் உள்ளே சரியாகத் தெரியாதாம். ஸ்கேன் எடுக்கும் பெண்ணைக் கேட்டார்கள், மாட்டேன் என்றாள். நர்ஸுகளைக் கேட்டார்கள், எல்லாரும் டிபன் சாப்பிட்டுவிட்டார்கள், சாப்பிடாதவர்களும் சாப்பிட்டேன் என்றார்கள். என் மருமகள் மூலையில் வாளியோடு நின்றிருக்கிறாள்.

"நான் இன்னும் சாப்பிடலை சார்."

அந்த ஒரு வார்த்தைதான் அவள் செய்த குற்றம்.

படுக்க வைத்துத் தேய்த்தார்கள். பித்தப்பையில் ஒரு கல் தெரிந்தது. அவள் பயந்துபோய் எல்லார் முகத்தையும் பார்த்திருக்கிறாள். எல்லார் முகமும் திரையைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்ததாம். டை கட்டினவன், "என்ன அழகான கல்லு சார், பின்னால நிழல் பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி விழுது" என்றிருக்கிறான். கை தட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாளியில் துணியை அமுக்கிக்கொண்டே சொன்னாள். "அத்தை, என் வயித்துக்குள்ள கல்லு இருக்காம்."

"ஐயோ, என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

"எதுக்குடி தட்டினாங்க?"

"தெளிவாத் தெரிஞ்சுதாம். என் உடம்பு வாகு அப்படியாம். நான் படுத்தா படம் நல்லா விழுமாம்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். வாழ்க்கையில் அவளை யாரும் எதற்கும் நன்றாக இருக்கிறாய் என்று சொன்னதில்லை, என் மகன் உட்பட.

பெரிய டாக்டர் அவளிடம், "இது சும்மா இருக்கிற கல்லும்மா, நிறைய பேருக்கு இருக்கு, தொந்தரவு பண்ணலைன்னா நாமும் தொந்தரவு பண்ண வேண்டாம், வலி வந்தா சொல்லு" என்றார். அதில் பொய் இல்லை என்று பிறகு மற்ற ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். அதையும் எழுது. நான் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் வந்து சொல்வார்கள்: "நாளைக்குச் சாப்பிடாம வா." அவளும் வெறும் வயிற்றோடு போவாள், தரை துடைப்பாள், கூப்பிட்டால் படுப்பாள். பயிற்சிப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை கட்டையை வைத்து அமுக்குவார்கள். கல் எங்கே என்று தேடுவார்கள். கிடைத்தால் சிரிப்பு, கிடைக்காவிட்டால் இன்னும் அமுக்கல். விலாவுக்குக் கீழே கன்றிப்போய் நீலம் பாரித்திருந்ததை ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது பார்த்தேன். படுத்து எழுந்ததற்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுப்பார்கள். அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் தொடமாட்டேன். என் மகன் டீயில் முக்கித் தின்பான்.

பெயர்கூடப் போய்விட்டது அவளுக்கு. "கல்லு வந்தாச்சா?" என்பார்கள். "கல்லை உள்ளே அனுப்பு." "இன்னைக்குக் கல்லு லீவு." ஒரு சின்ன டாக்டர் வராந்தாவில் எதிரே வந்தால், "என்ன, கல்லு சௌக்கியமா?" என்று கேட்பானாம். இவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டான்.

அப்புறம் இன்னொரு புது மெஷின். டை கட்டினவன் அதே ஆள், கம்பெனிதான் வேறு. முதல் மெஷினைக் கொண்டுவந்தபோது இதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சத்தியம் செய்தவன், இரண்டாவதைக் கொண்டுவந்ததும் முதலாவதைக் குருட்டு மெஷின் என்றான். இந்த மெஷினில் பார்த்தால் ஒரு கல் இல்லை, ஒரு கல்லும் பக்கத்தில் ஒரு பொடிக்கல்லும். மூன்றாவது மெஷினில் கல், பொடிக்கல், அடியில் மணல். நான்காவதில் எல்லாம் கலரில் வந்தது. ஒவ்வொரு தடவையும் கை தட்டல். வயிறு அதே வயிறு. அவளுக்கு அதே பசை, அதே குளிர், அதே கட்டில்.

"உன் வயித்துல குவாரியே இருக்கும் போலிருக்கே, அடுத்த மெஷின்ல லாரி தெரியும் பாரு" என்றேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

பெரிய டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்ததும் நீளச் சுவர் ஒன்று உண்டு. அதில் கண்ணாடி போட்டு நான்கு படம் மாட்டினார். நான்கு மெஷினிலும் எடுத்த ஒரே கல். முதல் படத்தில் மேகம் மாதிரி ஏதோ கலங்கலாகத் தெரியும். போகப்போகத் தெளியும். ஒரே கல்லாக இருந்தால்தான் எந்த மெஷின் எவ்வளவு ஒசத்தி என்று ஜனங்களுக்குப் புரியுமாம். வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்த்தபோது நிலா என்று நினைத்தேன். கடைசியில் ஒரு வெறும் சட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என் மகனைக் கேட்டேன்.

"'விரைவில்'னு போட்டிருக்கும்மா. ஐந்தாவது மெஷின் வருதாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இந்தச் சுவர் முழுக்க நம்ம வீட்டு வயிறு" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். புதுச் சாமான் என்றால் கோவிலுக்குள் நுழைந்த மாதிரி செருப்பைக் கழற்றிவிடுவான். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கக் கூசியது. வீட்டுப் பெண்ணின் உள்ளுறுப்பை வாசலில் மாட்டி வைத்திருக்கிறார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் மோவாயைத் தடவிக்கொண்டு பார்க்கிறான்.

அந்தக் காலத்தில் எனக்கே ஒருதரம் வயிற்றுக் கோளாறு வந்தது. ஸ்கேன் எழுதினார்கள். நான்காவது மெஷின் உறை போட்டு நடு அறையில் நின்றது. என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் முதல் மெஷினில் பார்த்தார்கள். குருட்டு மெஷின் என்றார்களே, அதே.

"ஏம்மா, அந்தப் புதுசுல பார்க்கமாட்டீங்களா?" என்று ஸ்கேன் பெண்ணைக் கேட்டேன்.

"அது பெரியவங்க வந்தாத்தான் பாட்டி திறப்போம். அதுல எந்தப் பட்டன் எதுக்குன்னே எங்களுக்கு இன்னும் பழகலை. தினமும் வர்ற கூட்டத்துக்கு இதுதான் ஓடும்."

"அப்ப அதை எதுக்கு வாங்கினாங்க?"

"பக்கத்து ஆஸ்பத்திரியில வாங்கிட்டாங்களே" என்றாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வீடு வரும்வரை மனசு ஆறவில்லை. ஜனங்கள் அந்தப் பெரிய பளபளப்பைப் பார்த்துவிட்டு நம்பி உள்ளே வருகிறார்கள், பின்னறைக்குத் திரும்பிப் போகிறார்கள். புதுசு என்று சொல்லப்படுவது எதுவும் நோயாளிக்கு அங்கே நடக்கவில்லை. வாசலுக்கு நடந்தது.

வலி வந்தது அதற்கப்புறம்தான். ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டைவரை இழுக்கிறது என்றாள். முகத்தில் முத்து முத்தாக வியர்வை. அடிக்கடி வர ஆரம்பித்தது. சாப்பிடவே பயந்தாள்.

பெரிய டாக்டரிடம் சொன்னாள். வலி வந்தால் சொல்லு என்றவர்தானே. அவர் உடனே, "கேஸா இருக்கும்" என்றார். மாத்திரை எழுதினார். பிறகு, "கொஞ்சம் பொறுத்துக்கோ. புது மெஷின் வருது. அது தானே பார்த்துத் தானே சொல்லும். அதுல பார்த்துட்டு ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மகன் தலையாட்டினான். "சரியாத்தானே சொல்றார். வர்ற மெஷின் வரட்டும். அவசரப்பட்டுக் கத்தி வச்சுக்கிட்டு, அப்புறம் தேவையே இல்லைன்னு அதுல தெரிஞ்சா?"

"வலிக்குதுன்னு அவ சொல்றாளேடா. அதுக்கு எந்த மெஷின் வேணும்?"

"நீ பழைய ஆளும்மா."

"ஆமா, பழைய ஆளு. உன்னைப் பெத்ததும் பழைய முறையிலதான். நீ சரியா வந்தியா இல்லையான்னு இப்பதான் யோசிக்கிறேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய டாக்டரை வராந்தாவில் மடக்கினேன். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"பாட்டி, இப்ப இருக்கிற மெஷின்ல எல்லாத்தையும் முடிவாச் சொல்ல முடியாது."

"போன வருஷம் இதுல எதுவும் தப்பாதுன்னீங்களாமே."

"அது போன வருஷம்."

"மத்தவங்களுக்கு இந்த மெஷினை வச்சுத்தானே ஆபரேஷன் பண்றீங்க. என் மருமகளுக்கு மட்டும் எதுக்கு வர்றதுக்குக் காத்திருக்கணும்?"

சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். "நல்லாப் பேசுறீங்க பாட்டி. இந்த வயசிலயும்." தட்டிவிட்டுப் போய்விட்டார். தட்டின இடத்தைத் துடைத்துக்கொண்டேன்.

காரணத்தைச் சொன்னது ஸ்கேன் பெண்தான். மறைத்துச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி சொன்னாள். "அந்தச் சட்டம் காலியா இருக்கே பாட்டி. இப்பவே கல்லை எடுத்துட்டா அஞ்சாவது படத்துக்கு என்ன பண்றது? வேற ஆள் கல்லை மாட்டினா வரிசை கெட்டுடும்ல."

நான் வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். "உன்னைக் காத்திருக்கச் சொல்றது உனக்காக இல்லை. சுவருக்காக. வா, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றின் மேல் தலையணையை அழுத்திக்கொண்டிருந்தாள். "வேற இடத்துக்குப் போனா இங்க வேலை இருக்காது அத்தை. திறப்பு விழா முடிஞ்சதும் இங்கேயே எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். இன்னும் கொஞ்ச நாள்தானே."

கொஞ்ச நாள் என்றது தள்ளிப்போனது. மெஷின் கப்பலில் இருக்கிறது என்றார்கள். வந்துவிட்டது, ஆனால் மாட்டுகிற ஆள் வரவில்லை என்றார்கள். ஆள் வந்தான், தலைமை விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. இவள் கஷ்டப்பட்டு இளைத்துக்கொண்டே வந்தாள். வாளியைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினாள்.

கடைசியில் தேதி வைத்தார்கள். "நாளைக்குச் சாப்பிடாம வா" என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லவே வேண்டாம், அவள் முந்தின நாள் காலையிலிருந்தே ஒன்றும் இறங்காமல் கிடந்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டாள். காலையில் கண் மங்கலாக மஞ்சள் தட்டின மாதிரி இருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே போனேன்.

அறைக்கு நாடா கட்டியிருந்தார்கள். மெஷின் வெள்ளை வெளேரென்று, இரண்டு திரையோடு, ஆள் உயரத்துக்கு நின்றது. விருந்தினர் வர நேரமானது. என் மருமகள் வெளியே நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும், "கல்லு வந்தாச்சு, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விருந்தினர் வந்தார், நாடாவை வெட்டினார், உள்ளே கூட்டம் நிறைந்தது. நான் அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யார் கண்ணிலும் நான் படவில்லை.

டை கட்டினவன்தான் கட்டையைப் பிடித்தான். "பாருங்க, நாம எதுவும் சொல்ல வேண்டாம். மெஷினே கல்லைக் கண்டுபிடிச்சு வட்டம் போடும்."

திரையில் ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. இங்கே போனது, அங்கே போனது, எங்கேயும் நிற்கவில்லை. பிறகு மறைந்துவிட்டது. பச்சையாக ஒரு குறி விழுந்தது. விருந்தினர் பச்சையைப் பார்த்ததும் கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

"என்ன போட்டிருக்கு?" என்று நான் ஸ்கேன் பெண்ணைக் கேட்டேன்.

"கல்லு இல்லைன்னு சொல்லுது பாட்டி. எல்லாம் சரியா இருக்காம்."

அங்கே கட்டிலில் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

டை கட்டினவன் மறுபடி தேய்த்தான். அமுக்கித் தேய்த்தான். மறுபடி பச்சை. அவன் முகத்தில் முதல்முறையாக வியர்வையைப் பார்த்தேன். பெரிய டாக்டர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விருந்தினருக்குக் கேட்காத குரலில் அவளிடம் கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடலை சார்."

"பொய் சொல்லாதே. சாப்பிட்டாத்தான் பித்தப்பை சுருங்கும். சுருங்கியிருக்கு. இத்தனை பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கேன், ஒரு நாள் வாயைக் கட்ட முடியாதா உனக்கு?"

"நேத்துல இருந்து தண்ணிகூட இறங்கலை சார். வலிக்குது."

"கல்லு எங்கே போச்சு அப்புறம்?"

அவளைக் கேட்கிறார். அவள் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி. அந்தக் கல் பொடியோடு நழுவிப் பித்தக் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது என்று மற்ற ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அதனால்தான் அந்த வலி, அதனால்தான் கண்ணில் மஞ்சள். ஆனால் அந்த அறையில் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் இரண்டு திரை இருந்தது பார்ப்பதற்கு.

"அவ பொய் சொல்லமாட்டா டாக்டர்" என்றேன். "நான் கூடவே இருந்தவ."

"பாட்டி, கொஞ்சம் வெளியில இருங்க" என்றான் டை கட்டினவன்.

பெரிய டாக்டர் ஸ்கேன் பெண்ணிடம், "பின்னறையில இருக்கிற பழசைத் தள்ளிக்கிட்டு வா" என்றார். டை கட்டினவன் பதறிப்போனான். "சார், எங்க திறப்பு விழாவில அந்த மெஷினை உள்ளே கொண்டுவரக்கூடாது சார், போட்டோ எடுக்கிறாங்க." "கல்லு தெரியணுமா வேண்டாமா?" "ஒருவேளை கரைஞ்சிருக்கலாம்ல சார்? நம்ம மெஷின் சரியாத்தான் சொல்லுதுன்னு வச்சுக்கலாமே." இரண்டு பேரும் அவள் வயிற்றுக்கு மேலாகவே பேரம் பேசினார்கள். கட்டை இன்னும் அவள் விலாவை அமுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் ஒருபக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீராக வந்தது. கட்டிலில், தரையில், அவள் மேலேயே. கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். நான் என் மருமகளைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து விலகினேன். அவர்கள் மெஷினைப் பிடித்தார்கள். ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம், டை கட்டினவன் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு, மெஷினைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சொட்டு பட்டிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவள் கட்டிலின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தாங்கினது என் கை மட்டும்தான்.

பெரிய டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆயாவைக் கூப்பிடு, சீக்கிரம் துடைக்கச் சொல்லு" என்றார்.

ஸ்கேன் பெண் தரையைப் பார்த்தாள். "ஆயா இவங்கதான் சார்."

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலில் விரித்திருந்த காகிதத்தைக் கிழித்து வாயைத் துடைத்தாள், வயிற்றிலிருந்த பசையைத் துடைத்தாள், துணியை இறக்கிவிட்டாள். அவசரமே படவில்லை. காலைத் தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"எங்கே போறே? இன்னும் பார்த்து முடிக்கலையே" என்றார் பெரிய டாக்டர்.

"வலிக்குது சார். வலிச்சா பார்க்கிற இடம் எங்கேயாவது இருக்கான்னு போய்க் கேட்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சண்டைக்கும் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி ஒரு இடம் இருக்கும், விசாரித்தால் சொல்வார்கள் என்பது மாதிரிதான் சொன்னாள். தரையில் கிடந்ததை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகியது. துணி ஈரமாக உடம்பில் ஒட்டியிருந்தது, தலை கலைந்திருந்தது.

அந்த அறைக் கதவு விட்டால் தானே சாத்திக்கொள்ளும் கதவு, கனமானது. அவள் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தோளால் கதவைத் தாங்கிக்கொண்டு, வீங்கின காலோடு நான் நடந்து வெளியே வந்து சேரும்வரை நின்றாள்.